விலைவாசி எல்லா வீட்டிலும் ஒன்றா?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவது வழக்கம். அதை எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் ஒரு கணக்குப் பாடம் நடத்தலாம் என்று இருக்கிறேன். பயப்பட வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், விழுக்காடு, அவ்வளவுதான். ஐந்தாம் ஆண்டு பிள்ளைக்குத் தெரிந்த கணக்குதான். ஆனால் நம் ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டிய கணக்கு.

தோட்டத்தில் எங்கே போனாலும் காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு. "என்னா வாத்தியாரே, விலைவாசி நூத்துக்கு மூணுதான் ஏறிச்சுன்னு செய்தியில சொல்றாங்க. கடைக்குப் போனா முழி பிதுங்குது. யாரு சொல்றது பொய்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கு என் பதில்: யார் சொல்வதும் பொய் இல்லை. செய்தியில் சொல்வது நாட்டுக் கணக்கு. நீங்கள் சொல்வது வீட்டுக் கணக்கு. இரண்டும் வேறு வேறு.

நாட்டுக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்? மலேசியப் புள்ளிவிவரத் துறை, மக்கள் எதெதற்கு எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று குடும்பங்களை ஆய்வு செய்து, ஒரு பெரிய கூடை நிரப்புவது போலப் பொருள்களைச் சேர்க்கிறது. அந்தக் கூடையின் மொத்தக் கனத்தை 100 என்று வைத்தால், உணவுக்கு ஏறக்குறைய 30 பங்கு. வீடு, தண்ணீர், மின்சாரம், எரிவாயு இவற்றுக்கு ஏறக்குறைய 23 பங்கு. மீதியில் போக்குவரத்து, துணிமணி, தொலைபேசி, கல்வி, மருத்துவம் எல்லாம் அடங்கும். கூடை முழுவதற்கும் விலை எவ்வளவு ஏறியது என்று பார்த்து ஓர் எண்ணைச் சொல்கிறார்கள். 2022-ஆம் ஆண்டில் அந்த எண் 3.3 விழுக்காடு. ஆனால் அதே ஆண்டில் உணவுப் பொருள்களின் விலை மட்டும் 5.8 விழுக்காடு ஏறியது. 2023-இல் மொத்த எண் 2.5, உணவு 4.8.

இப்போது கரும்பலகைக்கு வருவோம். இரண்டு குடும்பங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவை நான் கணக்குக்காகச் சொல்லும் குடும்பங்கள். முதல் குடும்பம் மாதம் 1,700 வெள்ளி செலவு செய்கிறது. அதில் சாப்பாட்டுக்கு 850. இரண்டாவது குடும்பம் பட்டணத்தில் மாதம் 3,400 வெள்ளி செலவு செய்கிறது. அங்கேயும் சாப்பாட்டுக்கு 850-தான். வயிறு எல்லாருக்கும் ஒரே அளவுதானே! உணவு விலை நூற்றுக்குப் பத்து ஏறினால் இரண்டு வீட்டுக்கும் கூடுதல் செலவு 85 வெள்ளி. ஆனால் முதல் வீட்டுக்கு அது நூற்றுக்கு ஐந்து. இரண்டாவது வீட்டுக்கு நூற்றுக்கு இரண்டரை. அரிசி விலை ஒன்று, கடை ஒன்று, ஏறிய காசும் ஒன்று. சுமை மட்டும் இரட்டிப்பு.

இது இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயமல்ல. 1857-ஆம் ஆண்டில் ஜெர்மானியப் புள்ளிவிவர அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கெல் என்பவர், பெல்ஜியம் நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்தார். குடும்பம் எவ்வளவு ஏழையோ, அவ்வளவுக்கு அதன் வருமானத்தில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு பெரிதாக இருக்கும் என்று கண்டார். இன்றும் உலகம் முழுவதும் பொருளாதார மாணவர்கள் இதை எங்கெல் விதி என்று படிக்கிறார்கள். நம் அம்மாமார்கள் படிக்காமலேயே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது மட்டுமல்ல, எதைச் சாப்பிடுகிறோம் என்பதும் கணக்கை மாற்றும். 2023-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூலை மாதம் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஆகஸ்டு மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தது. செப்டம்பர் முதல் நாள் இங்கே பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்த்தியது. உள்நாட்டு வெள்ளை அரிசிக்குக் கிலோ 2.60 வெள்ளி என்று அரசாங்கம் உச்ச விலை வைத்திருந்தது. ஆனால் புழுங்கல் அரிசி சாப்பிடுகிற வீட்டுக்கு அந்த உச்ச விலையால் என்ன பயன்? அடுத்து டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியையும் நிறுத்தியது. வெங்காயம் இல்லாமல் நம் வீட்டில் எந்தக் குழம்பு கொதிக்கும்? ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த வீடுகளில் கூட அந்த ஆண்டின் விலைவாசி வேறு வேறாகத்தான் இருந்திருக்கும்.

பெட்ரோலும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி, ஓட்டுநர் உரிமம் உள்ள மலேசியர்களுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி என்ற திட்டம் தொடங்கியது. அதற்கு முன் 2.05. லிட்டருக்கு ஆறு காசு மிச்சம். மாதம் 200 லிட்டர் போடும் கார்க்காரருக்கு 12 வெள்ளி மிச்சம். மோட்டார் சைக்கிளுக்கு 20 லிட்டர் போடுகிறவருக்கு 1 வெள்ளி 20 காசு. வாடகைக்கு வண்டி பிடித்து மருத்துவமனைக்குப் போகும் பாட்டிக்கு நேராக ஒன்றும் இல்லை. திட்டத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. விலை இறங்கினாலும் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இறங்காது என்பதைக் காட்டத்தான் சொல்கிறேன்.

பெற்றோர்களே, இதுவரை கடை விலையைப் பற்றிப் பேசினேன். இனி நான் சொல்லப் போவதுதான் முக்கியம். கடையில் எந்தச் சாமானும் ஒரு காசு கூட ஏறாமலே ஒரு வீட்டின் செலவு திடீரென்று ஏறலாம். குடும்பம் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது அது நடக்கிறது.

முதல் படி, குழந்தை பிறப்பது. கணவனும் மனைவியும் வேலை செய்கிறார்கள். 2025-ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2013-இல் இந்தச் சட்டம் தீபகற்பத்தில் தொடங்கியபோது அது 900 வெள்ளி. சம்பளம் ஏறியிருக்கிறது, மறுக்க முடியாது. இருவருக்கும் சேர்த்து 3,400. தலைக்கு 1,700. குழந்தை பிறந்து, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் மனைவி வேலையை விட்டால், வருமானம் 1,700, தலை மூன்று. தலைக்கு ஏறக்குறைய 566 வெள்ளி. பிள்ளைகள் மூன்றானால் தலைக்கு 340. சம்பளச் சட்டம் வேலை செய்கிறவரை எண்ணுகிறது. சோற்றுத் தட்டுகளை எண்ணுவதில்லை. அந்தக் காலத்தில் தோட்டங்களில் ஆயாக்கொட்டகை இருந்ததன் அருமை இப்போது புரிகிறதா?

இரண்டாவது படி, பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போவது. தமிழ்ப்பள்ளி தோட்டத்து வாசலிலேயே இருக்கிறது. பிள்ளை நடந்து வந்துவிடும். படிவம் ஒன்றுக்குப் போனால் வேன் கட்டணம், சிற்றுண்டிக் காசு, புதுச் சீருடை. மாதம் 200 வெள்ளி என்று வையுங்கள். 2,000 வெள்ளி செலவு செய்யும் வீட்டுக்கு இது ஒரே மாதத்தில் நூற்றுக்குப் பத்து ஏற்றம். படிக்கிற பிள்ளை பாதியில் நிற்பதற்குப் புத்தி குறைவு மட்டுமே காரணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சில வீடுகளில் வேன் காசுதான் காரணம். இன்று பரிசு வாங்கும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோர்களே, அந்த 200 வெள்ளி வருகிற ஆண்டு வரும் என்பது உங்களுக்கு இன்றைக்கே தெரியும். தெரிந்த செலவை முன்கூட்டியே எதிர்பார்க்கலாம்.

மூன்றாவது படிதான் மிகப் பெரியது. தோட்டத்து வீட்டை விட்டு வெளியேறும் படி. இங்கே பலருக்கு வீடு தோட்டத்துடையது. வேலை இருக்கும்வரை வீடும் இருக்கும். நாட்டுக் கூடையில் வீட்டுக்கும் தண்ணீர், மின்சாரத்துக்கும் 23 பங்கு என்று சொன்னேன். நம் வீட்டுக் கூடையில் வாடகைக்கு இடமே இல்லை. இது நமக்கு இருக்கும் பெரிய வசதி. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வசதி. இழக்கும்போதுதான் தெரியும்.

அறுபது வயதில் ஓய்வு பெறும் ஒரு தம்பதியைப் பாருங்கள். மாதம் 1,000 வெள்ளியில் சிக்கனமாக வாழ்ந்தவர்கள். வெளியே போய் 500 வெள்ளிக்கு வீடு எடுக்கிறார்கள். செலவு 1,500. அந்த மாதம் நாட்டு விலைவாசி ஏறவே இல்லை என்று வைத்தாலும் அந்த வீட்டு விலைவாசி நூற்றுக்கு ஐம்பது ஏறிவிட்டது. அதுவும் சம்பளம் நின்ற மாதத்தில்! 500 வெள்ளி வாடகை, ஆண்டுக்கு 6,000. பதினைந்து ஆண்டுக்கு 90,000 வெள்ளி. வாடகை ஏறாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறினால், அறுபது வயதுக்குக் காத்திருக்காமல் நாளைக்கே இந்தப் படி வந்துவிடும். இப்படி வந்த தோட்டங்கள் நாட்டில் எத்தனையோ இருப்பதை நீங்களே அறிவீர்கள்.

ஆகவேதான் ஊழியர் சேமநிதியைப் பற்றி இரண்டு வார்த்தை. 1,700 வெள்ளிச் சம்பளத்தில் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. மாதம் 408 வெள்ளி உங்கள் பேரில் சேர்கிறது. 2024 மே மாதம் முதல் அதில் ஒரு பகுதி, புதிதாகச் சேரும் பணத்தில் நூற்றுக்குப் பத்து, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கில் போகிறது. அவசரத்துக்கு எடுப்பதை நான் தடுக்கவில்லை. மருத்துவமனைச் செலவு காத்திருக்காது. ஆனால் புதுத் தொலைபேசிக்கும் தீபாவளித் தடபுடலுக்கும் எடுக்கும்போது, அது நாளைய வீட்டின் ஒரு செங்கல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

"சிக்கனமா இருன்னு சொல்ல வந்துட்டாரு வாத்தியாரு" என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. இல்லை ஐயா. அரைக் கிலோ வெங்காயத்தைக் கால் கிலோவாக்கிச் சமைக்கும் அம்மாவுக்கு நான் என்ன சிக்கனம் சொல்லிக் கொடுப்பது? நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டு எண் என்ன என்பதை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்கு வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. 555 புத்தகம் தெரியாதவர் இங்கே யார்? இத்தனை நாளும் அந்தச் சின்னப் புத்தகத்தில் கடைக்காரர் நம் கடனை எழுதினார். இனி நம் பிள்ளை நம் கணக்கை எழுதட்டும். ஒரு புத்தகம் வாங்குங்கள். ஒரு மாதம் எழுதுங்கள். நான்கு தலைப்பு போதும்: சாப்பாடு, பள்ளிக்கூடமும் போக்குவரத்தும், கடனும் தவணையும், மற்றவை. அம்மா சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். மாதக் கடைசியில் நூற்றுக்கு எவ்வளவு என்று பிள்ளையே கணக்குப் போடட்டும். அடுத்த ஆண்டு அதே மாதம் திரும்ப எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். அதுதான் உங்கள் வீட்டு விலைவாசி. கடைசிப் பக்கத்தில் வரப்போகும் படிகளை எழுதுங்கள்: எந்தப் பிள்ளை எந்த ஆண்டு படிவம் ஒன்றுக்குப் போகிறது, வீட்டை விட வேண்டிய ஆண்டு எது, அதற்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது.

இது வீட்டுக்கு மட்டும் பயன்படுவதல்ல. சம்பளப் பேச்சு நடக்கும்போது "எல்லாம் ஏறிப் போச்சு" என்று சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போவார். "எங்கள் வீடுகளில் நூற்றுக்கு ஐம்பது சாப்பாட்டுக்குப் போகிறது, இதோ கணக்கு" என்று சங்கத்தார் எடுத்து வைத்தால் அந்தப் பேச்சுக்குக் கனம் வரும். புகார் செய்கிறவனை விடக் கணக்கு வைத்திருக்கிறவனுக்கு மதிப்பு அதிகம்.

மாணவமணிகளே, பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. பரிசு வாங்காத பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். விழுக்காடு பாடத்தில் நீங்கள் படித்தது தேர்வுத் தாளுக்கு மட்டுமல்ல, அம்மாவின் கைக்கும் உதவும். பள்ளி திறந்ததும் 555 புத்தகத்தோடு வாருங்கள்; கணக்கு சரியா என்று நான் பார்த்துத் தருகிறேன். வீட்டு இரகசியத்தை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்!