பூ அட்டை செய்வோம், பெயர் எழுதிக் கொடுப்போம்

(மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், நமது குடியிருப்பின் சமூகக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதுவும் தண்ணீர் லாரிக் கணக்கு பேசாத ஒரு கூட்டத்துக்கு! செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அதற்குள் சொல்லி முடித்துவிட்டு, மீதி நேரம் எல்லோரும் சேர்ந்து பூக்களை அடுக்கலாம்.

வாழ்த்து அட்டை என்றதும் இங்கே நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பொங்கல்தான் நினைவுக்கு வரும். மார்கழி பிறந்ததும் கடைவாசலில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். கரும்பு, பானை, சினிமா நடிகர் என்று எல்லாம் இருக்கும். யார் யாருக்கு அனுப்புவது என்று அப்பா ஒரு பட்டியல் போடுவார். இப்போது காலையில் போனைத் திறந்தால் ஒரே படம் பதினேழு பேரிடமிருந்து வருகிறது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை, நானும் அனுப்புகிறேன். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை, ஐந்து பேருக்காவது, கையால் செய்து கொடுத்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

இதற்கு ஏற்ற காலம் இதுதான். வேம்பு பூக்கத் தொடங்கிவிட்டது. பின்கேட் பக்கம் கொன்றை மஞ்சளாகத் தொங்குகிறது. புங்கம்பூ பொரி கொட்டியதுபோல் நடைபாதையில் கிடக்கிறது. யுகாதி, சித்திரை முதல் நாள், விஷு எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. கொன்றை நமக்கு வெறும் மரம், ஆனால் நம் மலையாள வீடுகளில் விஷுக்கணிக்கு அது இல்லாமல் முடியாது. தெலுங்கு வீடுகளில் யுகாதிப் பச்சடிக்கும் நம் வீட்டுப் புத்தாண்டுப் பச்சடிக்கும் அதே வேப்பம்பூதான். ஆக, யாருக்கு எந்தப் பூவை ஒட்டுவது என்பதும் தானாகவே முடிவாகிவிடுகிறது.

முதலில் ஒரு வேண்டுகோள். செடியிலிருந்து பறிக்க வேண்டாம். தோட்டக்காரர் அண்ணனிடம் பேசியிருக்கிறேன். விழுந்த பூவை எடுத்துக்கொள்ளலாம், காகிதப்பூ மட்டும் அவர் கத்தரிக்கும்போது தருவார். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல், பனி ஈரம் காய்ந்த பிறகு எடுங்கள். ஈரத்தோடு எடுத்த பூவில் நம் ஊர்ப் புழுக்கத்தில் மூன்றாம் நாளே பூஞ்சை வந்துவிடும்.

எல்லாப் பூவும் அட்டைக்கு ஆகாது. முதல் வருடம் நான் ஆசையாக மல்லிகையும் செம்பருத்தியும் வைத்தேன். மல்லிகை பழுப்பாகிவிட்டது, செம்பருத்தி பிசுபிசுவென்று தாளோடு ஒட்டிக்கொண்டது. நீர்ச்சத்து குறைந்த, மெல்லிய பூதான் நமக்கு வேண்டும். அதில் முதலிடம் காகிதப்பூவுக்கு. நாம் பூ என்று நினைக்கும் அந்த வண்ண இதழ் உண்மையில் ஒருவகை இலைதான். பூ என்பது நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல். அதனால்தான் அது அவ்வளவு சுலபமாகக் காய்கிறது. கொன்றையை இதழ் இதழாகப் பிரித்து வையுங்கள், மஞ்சள் நன்றாக நிற்கும். வேப்பம்பூ காய்ந்தால் வெளிறிப் போகும், அதைக் கரும்பச்சை அல்லது கருநீல அட்டையில் ஒட்டினால் எடுப்பாகத் தெரியும். சாமந்தி தடிமன், இதழ்களை உதிர்த்துக்கொள்ளுங்கள். வாடாமல்லி அப்படியே காயும், ஆனால் முழுதாக ஒட்டினால் கவருக்குள் போகாது.

செய்முறை இதுதான். பழைய செய்தித்தாள் போதும், வழவழப்பான பத்திரிகைத் தாள் வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சாது. இரண்டு தாளுக்கு நடுவே, ஒன்றின்மேல் ஒன்று படாமல் பூக்களைப் பரப்புங்கள். மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். பிள்ளைகளின் நுழைவுத்தேர்வு கைடுகள் இதற்கு மிகவும் பயன்படும். முதல் மூன்று நாள் தினமும் தாளை மாற்றுங்கள். இந்த வேலையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம், பூ கெடுவதும் இதனால்தான். பத்து நாளில் இதழ் தாள்போல் சலசலக்கும். இன்று அடுக்கினால் ஏப்ரல் 14க்குத் தாராளமாகத் தயாராகிவிடும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் பூவின் பின்புறம் மட்டும் தொட்டுவையுங்கள். அதிகமானால் அட்டை நெளியும். ஒட்டியபின் ஒரு இரவு புத்தகத்துக்கு அடியில் இருக்கட்டும். ஒட்டுவதற்கு முன்பே அட்டையை மடித்துவிடுங்கள், பிறகு மடித்தால் பூ உடையும்.

அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் தாள் வாங்குங்கள். ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடை என்று அர்த்தம். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது கிட்டத்தட்ட 19 கிராம். சாதாரணத் தபாலில் 20 கிராம் வரை 5 ரூபாய். முழு ஏ4 தாளை மடித்து அனுப்பினால் கவரையும் சேர்த்து எடை தாண்டிவிடும், வாங்குபவர் தண்டம் கட்ட வேண்டியிருக்கும். அதனால் பாதியாக வெட்டி மடியுங்கள், ஒரு தாளில் இரண்டு அட்டை கிடைக்கும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

இரண்டு வருடம் முன்பு சித்திரைக்கு எங்கள் மாடியில் எல்லா வீட்டுக்கும் அட்டை செய்தேன். கவரில் பெயர் எழுத உட்கார்ந்தால், 402இல் தனியாக இருக்கும் அம்மாவின் பெயர் எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடமாக லிஃப்ட்டில் சிரித்துக்கொள்கிறோம். வாட்ச்மேன் தம்பியிடம் கேட்டேன். “402 பாட்டிங்க” என்றார். பராமரிப்புக் கட்டண ரசீதும் பிள்ளை பெயரில்தான் இருந்தது. வெட்கத்தோடு கதவைத் தட்டிக் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார். மறுநாள் அட்டையைக் கொடுத்தபோது உள்ளே இருப்பதை உடனே பார்க்கவில்லை, கவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் பேருக்கு இப்பல்லாம் பேங்க்ல இருந்துதாம்மா தபால் வருது” என்றார்.

அந்த வருடம் டிசம்பர் மழையில் நமக்கு இரண்டு நாள் கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை, போனிலும் சார்ஜ் இல்லை. உங்களுக்கு நினைவிருக்கும். யார் வீட்டில் தனியாக இருக்கிறார்கள் என்ற பட்டியல் அன்று சங்கத்திடம் இல்லை. குரூப்பில் எத்தனை மெசேஜ் போட்டாலும் படிக்க வழியில்லை. நான் டார்ச் எடுத்துக்கொண்டு, பால் பாக்கெட்டோடு 402க்குப் போனேன். மாத்திரை தீர்ந்து, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். சித்திரையில் அந்தக் கதவைத் தட்டியிருக்காவிட்டால் அன்று போயிருப்பேனா? நேர்மையாகச் சொன்னால், தெரியாது.

அதனால் இன்று பூ அடுக்கும்போதே ஒரு வேலை தருகிறேன். உங்கள் மாடியில் பெயர் தெரியாத ஒரு வீட்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வாரம் இருக்கிறது, போய்க் கேட்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், அவர்களுக்கு நம்மைப்போல் கூச்சம் கிடையாது. வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கும், இரவு வாட்ச்மேனுக்கும் ஒன்று செய்யுங்கள். அவர்கள் பெயரையும் முழுதாகக் கேட்டு எழுதுங்கள்.

இன்னும் ஒன்று. கொடுக்கும்போது, வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், வெயிலில் நிறம் சீக்கிரம் போய்விடும். 402 அம்மா என் அட்டையைச் சாமி அலமாரிக்குள் வைத்திருக்கிறார். காகிதப்பூ கொஞ்சம் வெளுத்திருக்கிறது, ஆனால் இதழ் ஒன்றும் உதிரவில்லை. இன்று அவரும் வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில். பெயரை நான் சொல்லமாட்டேன். நீங்களே போய்க் கேளுங்கள்.

வாருங்கள், தாள்களை விரிப்போம்.