தொண்டை யாருக்குச் சொந்தம்?

(பிள்ளைகளுக்கான பாட்டு முகாமின் நிறைவு நாளில் பேசியது. பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நான் கவிதை எழுதுறவன். ஆனா சோறு போடுறது பேங்கு கிளார்க்கு வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர் பணத்தை எண்ணுகிறவன். அதனால் எந்தக் கதையைக் கேட்டாலும், உழைச்சது யாரு, வரவு விழுந்தது யார் கணக்குல என்று பார்க்கிற புத்தி எனக்குண்டு. அந்தப் புத்தியோடுதான் ஒரு வெளிநாட்டுப் பாடகியின் கதையை இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஏன் இப்போ? எங்க அக்கா மகளுக்குப் பதிமூணு வயசு. நல்லாப் பாடுவா. போன மாசம் ஒருத்தர் வீட்டுக்கு வந்து, ‘பொண்ணை எங்ககிட்ட விடுங்க, டிவியில பெரிய ஆளாக்கிடுறோம்’ என்று சொல்லி ஒரு பத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அக்கா அதை என் கையில் கொடுத்து, ‘தம்பி, நீதான் படிச்சவன், பாத்துச் சொல்லு’ என்றது. பத்திரம் என் பையில் இருக்கிறது. அந்தப் பிள்ளை இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. நான் சொல்லப்போகிற கதை அதுக்கும் சேர்த்துத்தான்.

லண்டனின் கிழக்குப் பகுதி, ஈஸ்ட் எண்ட். துறைமுகக் கூலிகளும் தையல் தொழிலாளிகளும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். ஜார் மன்னனின் ருஷ்யாவில் அடியும் கொலையும் தாங்காமல் ஓடிவந்த யூதர்கள் ஒதுங்கியதும் அங்கேதான். 1936இல் யூத வெறுப்பாளர்கள் கருஞ்சட்டை போட்டுக்கொண்டு ஊர்வலம் வந்தபோது, கேபிள் தெருவில் தடுப்புப் போட்டு மறித்து நின்ற சனங்களின் ஊர் அது. அங்கே 1946இல் பிறந்தவள் ஹெலன் ஷப்பீரோ. தாத்தா பாட்டி ருஷ்யாவிலிருந்து வந்தவர்கள். அப்பா அம்மா இருவரும் துணித் தொழிலில் பீஸ் ரேட்டுக்கு உழைத்தவர்கள். எத்தனை உருப்படியோ அத்தனை காசு. நமக்குத் தெரியாத கணக்கா?

அவளுக்கு இயல்பிலேயே கனத்த குரல். கூடப் படித்த பிள்ளைகள், பனிமூட்டத்தில் கப்பலுக்கு ஊதுகிற சங்கின் பெயரை அவளுக்குப் பட்டப்பெயராக வைத்தார்கள். பொதுப்புத்தி எப்பவும் அப்படித்தான். பொண்ணுன்னா மெல்லிசாப் பாடணும் என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கும். பதிவு செய்த அவள் குரலை முதலில் கேட்ட ஈ.எம்.ஐ. கம்பெனியின் தயாரிப்பாளர் நாரி பரமோர், பாடுவது பையன் என்றே நினைத்தாராம். 1961 தொடக்கத்தில் முதல் இசைத்தட்டு வந்தபோது வயது பதினான்கு, பள்ளிக்கூடப் பிள்ளை. வீட்டில் தட்டுப் போடுகிற பெட்டி கிடையாது. சொந்தக் குரலைக் கேட்க அக்கம்பக்கத்து வீட்டுப் பெட்டியை இரவல் வாங்க வேண்டியிருந்தது. குரல் கடைக்குப் போய்விட்டது, குரல்காரி வீட்டில் அதைக் கேட்கப் பெட்டி இல்லை!

தன்னைக் குழந்தைபோல நடத்தாதே என்று கேட்கிற பாட்டு அது. நாட்டின் விற்பனை வரிசையில் மூன்றாவது இடம். அதே ஆண்டு அடுத்த இரண்டு தட்டுகளும் முதலிடம். இரண்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றன. பதினாறு வயது முடியும் முன்னே பிரிட்டனின் முதன்மைப் பாடகி என்று வாசகர்கள் வாக்குப் போட்டார்கள்.

இங்கேதான் என் கிளார்க்கு புத்தி வேலை செய்கிறது. அவளுக்கு என்ன பங்கு கொடுத்தார்கள் என்ற கணக்கு என் கையில் இல்லை. ஆனால் அதே கம்பெனி 1962இல் பீட்டில்ஸ் என்ற நான்கு பையன்களோடு போட்ட ஒப்பந்தம் ஊரறிந்தது. ஒரு தட்டு விற்றால் ஒரு பென்னி, அதுவும் நாலு பேருக்கும் சேர்த்து! அன்றைக்கு ஒரு பவுனுக்கு 240 பென்னி. பீஸ் ரேட்டு தையல் மிஷினோடு முடிந்துவிடவில்லை தோழர்களே.

1963 பிப்ரவரியில் ஊர் ஊராகப் போய்ப் பாடுகிற ஒரு பயணம். விளம்பரத்தில் பெரிய எழுத்து ஹெலன் பேர். அந்த நாலு பையன்களும் கீழே சின்ன எழுத்தில். கார்லைல் என்ற ஊரில் நிகழ்ச்சி முடிந்து, தங்கியிருந்த ஓட்டலில் கோல்ஃப் சங்கத்துக்காரர்கள் நடத்திய நடன விருந்துக்குள் நுழைந்தபோது, பையன்கள் தோல் ஜாக்கெட் போட்டிருந்ததைக் காட்டி வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். கூடப் போன ஹெலனுக்கும் அதே கதிதான். நாடே கேட்கிற குரல். ஆனாலும் உள்ளே நிற்க எப்படி உடுத்தணும், யாரோடு வரணும் என்பதைத் தீர்மானிப்பது வேறு ஆட்கள். இதற்கு மேல் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அதே பயணத்தில் ஒரு நாள், பஸ்ஸில் இருந்தபோது ஓர் இசைப் பத்திரிகை அவள் கண்ணில் படுகிறது. பதினாறு வயசிலேயே இவள் காலம் முடிந்ததா என்று தலைப்பு. பக்கத்தில் இருந்த ஜான் லெனன் ஆறுதல் சொன்னாராம். பாவம், அழுகிற வயசுதானே.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அந்தப் பையன்கள் அவளுக்கென்றே ஒரு பாட்டு எழுதினார்கள். பெயர் ‘மிசரி’. அவளுக்காக முடிவெடுப்பவர்கள் அதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளைக் கேட்கவே இல்லை. அதை எடுத்துப் பாடியவர் அதே பயணத்தில் இருந்த கென்னி லிஞ்ச். அவரும் ஈஸ்ட் எண்டில் பிறந்தவர், கறுப்பர். இது ஒன்று. அடுத்தது, அதே ஆண்டு அமெரிக்காவின் நாஷ்வில்லில் ‘இட்ஸ் மை பார்ட்டி’ என்ற பாட்டை அவள் பதிவு செய்தாள். கம்பெனி அதைத் தனித்தட்டாக வெளியிடவில்லை. பின்னால் அதைப் பாடிய லெஸ்லி கோர் என்ற அமெரிக்கப் பெண்ணின் தட்டு அங்கே முதலிடம் போனது. ‘காலம் முடிந்தது’ என்று எழுதினவர்கள் இந்தக் கணக்கையும் எழுதியிருக்க வேண்டும். குரல் தேயவில்லை. எதைப் பாடுவது, எப்போது வெளியிடுவது என்ற அதிகாரம் அவள் கையில் இல்லை. அவ்வளவுதான்.

சரி, அப்புறம்? வழக்கமாக இந்த மாதிரிக் கதையை ‘வீழ்ச்சி’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். எனக்கு அங்கேதான் கதை தொடங்குகிறது.

வடகிழக்கு இங்கிலாந்தின் தொழிலாளர் மன்றங்களில் பாடப் போனார் ஹெலன். (இனிமேல் அவரை ‘அவள்’ என்று சொல்ல வாய் வரவில்லை.) சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து பீர் குடிக்கிற சனங்களின் மன்றங்கள். அலைச்சல் தாங்காமல் இதோடு பயணம் போதும் என்று அவர் 1972 மே மாதம் அறிவித்தது பீட்டர்லீ என்ற ஊரில். சுரங்கத் தொழிலாளர் தலைவர் பீட்டர் லீயின் பெயரால் எழுந்த ஊர் அது. ஆனால் ஓயவில்லை. அடுத்து நாடக மேடைக்குப் போனார். லண்டன் வெஸ்ட் எண்டில் ‘ஆலிவர்!’ இசை நாடகத்தில் நான்சியாக நடித்துப் பாடினார்.

அந்த நாடகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மூலக்கதை டிக்கன்ஸ் எழுதியது. அதில் பிள்ளைகளைத் திருடப் பழக்குகிற ஃபேகினை ‘யூதன்’, ‘யூதன்’ என்றே நூற்றுக்கணக்கான தடவை எழுதியிருந்தார். 1863இல் எலைசா டேவிஸ் என்ற யூதப் பெண், எங்கள் சனத்துக்கு நீங்கள் செய்த அநியாயம் இது என்று அவருக்கே கடிதம் எழுதினார். பின்னால் வந்த பதிப்பில் டிக்கன்ஸ் பல இடங்களில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார். அந்தக் கதையை 1960இல் மேடைக்குக் கொண்டுவந்தவர் லயனல் பார்ட். ஈஸ்ட் எண்டு யூதத் தையற்காரரின் மகன். இசைக்குறிப்பு எழுதத் தெரியாதவர். நாவலில் தூக்கில் தொங்கும் ஃபேகின் அவர் நாடகத்தில் உயிரோடு நடந்து போகிறான். முதல் நான்சியாகப் பாடிய ஜார்ஜியா பிரவுனும் அதே பகுதி யூதப் பெண்தான். தங்களை இழிவுபடுத்திய கதையைத் தங்கள் வாயாலேயே மாற்றிப் பாடினார்கள். அந்த வரிசையில் வந்து நின்றவர் ஹெலன். பள்ளிக்கூடத்தில் கேலி செய்த அந்தக் கனத்த குரல், அடியும் உதையும் பட்டுப் பிள்ளையைக் காப்பாற்றி உயிரை விடுகிற நான்சிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

ஆனால் அந்த பார்ட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பண நெருக்கடியில் ‘ஆலிவர்!’ உரிமையை 350 பவுனுக்கு விற்றார். வாங்கினவர் பின்னால் அதை விற்றது 2,50,000 பவுனுக்கு. பார்ட் 1972இல் திவால். 1994இல் நாடகத்தை மறுபடி மேடையேற்றியவர்கள் கொஞ்சம் பங்கு கொடுத்தார்கள். ஆகவே மேடைன்னா நியாயம் தானா வந்துடும்னு நான் சொல்லவில்லை. பத்திரம் அங்கேயும் உண்டு.

பிறகு ஹெலன் என்ன செய்தார்? 1984 முதல் 2001 வரை ஹம்ஃப்ரி லிட்டில்டனின் ஜாஸ் குழுவோடு பாடினார். உச்சிப் புகழ் இருந்தது இரண்டே வருடம். தொழில் இருந்தது நாற்பது வருடம். 2002இல் தானாக நிறுத்திக்கொண்டார். பதினாறு வயதில் மற்றவர்கள் நிறுத்தப் பார்த்ததை, ஐம்பத்தாறு வயதில் அவர் தன் விருப்பப்படி நிறுத்தினார். இதைப் போய் எப்படிங்க வீழ்ச்சின்னு சொல்றது?

அக்கா, பத்திரத்தை மூணு தடவை படிச்சுட்டேன். போடு என்றோ போடாதே என்றோ சொல்ல மாட்டேன். பாடப்போறது அவ. இரண்டு வரி சேர்க்கச் சொல்லுவோம். எந்தப் பாட்டு என்றாலும் முதலில் பிள்ளையைக் கேட்கணும். பள்ளிக்கூடம் நிற்கக் கூடாது. ஒரு வரியை அடிக்கச் சொல்லுவோம்: பதினெட்டு வயசு வரைக்கும் இவ வேற எங்கயும் பாடக் கூடாதாம், நம்ம தெருவுலகூடத்தான். ஒத்துக்கிட்டா கையெழுத்து. இல்லேன்னா பத்திரத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வர்றேன்.

பாப்பா, நீ என்ன சொல்றே? இப்பவே சொல்லணும்னு இல்லை. முதல்ல மேல வந்து ஒரு பாட்டு பாடு. எந்தப் பாட்டுன்னு நீயே முடிவு பண்ணு.