அலையை எண்ணாக்கும் வானொலி

பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதியிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. தமிழ் வானொலி அவர்களுக்கு உறவினர் குரல் போன்றது. அக்குரல் வந்து சேரும் வழியைக் கண்ணால் கண்டு பயில இன்று எளிய சாதனம் ஒன்று உண்டு. அதுவே மென்பொருள் வானொலி.

பழைய வானொலிப் பெட்டியில் நிலையத்தைத் தேர்ந்து ஒலியைப் பிரித்தவை கம்பிச்சுருள் முதலிய உறுப்புகள். இங்கோ, ஒரு சிறு கருவி அலையை எண்களாக மாற்றித் தருகிறது. எஞ்சியதைக் கணிப்பொறி கணக்கிட்டு முடிக்கிறது. தொலைக்காட்சிக்கென்று செய்யப்பட்ட மலிவான, விரலளவுக் கருவி இதற்கு உதவும் என்பது 2012-இல் பரவலாகத் தெரியவந்தது. ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். என்பது அதன் பெயர்.

அதனைக் கணிப்பொறியின் யூ.எஸ்.பி. துளையில் செருகி, இலவச மென்பொருள் ஒன்றை நிறுவுக. முதற் பாடமாக, 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் கொடைக்கானல் பண்பலையைத் தேடலாம். அதன் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் நீளமுள்ள இரு கம்பிகளை எதிரெதிரே நீட்டினால் ஏரியல் ஆயிற்று. மலை மறைக்காத இடமாயின், திரையில் ஒளிக்கீற்று ஒன்று எழும், அதுவே நிலையம். கருவியின் பெருக்கத்தை அளவு மீறி ஏற்றினால், இல்லாத நிலையங்களும் தோன்றி மயக்கும். ஆதலால் சிறிது சிறிதாக ஏற்றுக. தொலைவில் வாழ்வோர் தத்தம் ஊர் நிலையத்தைக் கொண்டு இவ்வாறே பழகலாம்.

இது வெறும் பொழுதுபோக்கன்று. 2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண்சரிந்து, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் புதையுண்டன. 70 உயிர்கள் பலியாயின. தொலைபேசித் தொடர்பு அற்றுப் போனமையால், செய்தி வெளியே எட்ட மறுநாட் காலையாயிற்று. இத்தகைய வேளைகளில் கைகொடுப்பது அமெச்சூர் வானொலி. 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில் அமெச்சூர் வானொலியினர் செய்தி கடத்தி உதவினர்.

மேற்கூறிய கருவி கேட்க மட்டுமே வல்லது. அலை பரப்ப விரும்புவோர் மத்திய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெறல் வேண்டும். காவல் துறை முதலியோரின் செய்திகளுக்குச் செவி கொடுத்தலும் ஆகாது. ஆயினும், கேட்டுப் பழகியவருக்கு ஏரியலும் அலைநீளமும் புதியன அல்ல, அத்தேர்வும் எளிதாகும். மலையூர் ஒவ்வொன்றிலும் உரிமம் பெற்ற ஓரிருவர் இருப்பின், அடுத்த பெருமழையில் உதவி கோரும் குரல் விடியும்வரை காத்திராது.