எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு

வடநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து உற்றார் உறவினர் வந்துவிட்டால் ஆக்ராவுக்கும் மதுராவுக்கும் ஹரித்துவாருக்கும் அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஒரு வேனை வாடகைக்கு அமர்த்துகிறோம். அவ்வண்டிகள் சிலவற்றில், ஓட்டுநருக்கு முன்னுள்ள பலகையில் ஒரு சிறு மஞ்சள் விளக்கு ஓயாமல் எரிந்துகொண்டிருப்பதைக் காணலாம். குதிரை லாடம் போன்ற ஓர் உருவம். அதன் நடுவே ஓர் ஆச்சரியக்குறி. என்னவென்று வினவினால், "அது எப்போதும் அப்படித்தான் எரியும், சென்சார் கெட்டுவிட்டது" என்று ஓட்டுநர் இந்தியில் விடையளிப்பார். விளக்கின்மேல் கறுப்பு நாடாவை ஒட்டி மறைத்துவிட்டவர்களும் உண்டு. வேன்களை வைத்துத் தொழில் நடத்தும் தமிழ் அன்பர்களுக்கும், அவற்றில் அமர்ந்து செல்லும் நம் போன்றோருக்கும் பயன்படும் என்று கருதி, அந்த விளக்கைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விரும்புகிறோம்.

டயரில் காற்றுக் குறைந்தால் அதன் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. அதனால் வெப்பம் மிகுகிறது. வெப்பம் மிகுந்தால் ரப்பரும் உள்ளிருக்கும் கம்பிப் பின்னலும் பிரிந்து, டயர் வெடிக்கக்கூடும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி ஏறத்தாழ 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. அவ்வாண்டே அந்நாட்டுக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றிற்று. அதன் விளைவாக, காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி 2007 செப்டம்பர் முதல் அங்கே உற்பத்தியாகும் கார்கள், சிறு வேன்கள் யாவற்றிலும் கட்டாயமாயிற்று.

கருவி எளியதே. சக்கரத்தின் உட்புறத்தில், காற்றடைக்கும் வால்வை ஒட்டி, தீப்பெட்டியினும் சிறிய ஒரு பெட்டி பொருத்தப்பட்டிருக்கிறது. அது அழுத்தத்தை அளந்து, ரேடியோ அலை வழியாக வண்டிக்கு அறிவிக்கிறது. ஒவ்வொரு சக்கரமும் ஒரு சிறு வானொலி நிலையம் என்றே சொல்லலாம். இன்ன நிலையம் என்று நாம் அறிவிப்பது போலவே, அதுவும் தன் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் செய்தியைச் சொல்லும். வண்டிக்குக் கற்பித்துவைத்த எண்ணாக இருந்தால்தான் வண்டி செவிசாய்க்கும்.

ஒரே விளக்கு இரண்டு செய்திகளைத் தெரிவிக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. பெரும்பாலான வண்டிகளில், வண்டியைக் கிளப்பியதும் விளக்கு நிலையாக எரிந்தால் டயரில் காற்றுக் குறைவு என்று பொருள். ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை நிமிடம் மினுக்கிவிட்டுப் பிறகு நிலைத்து எரிந்தால் கருவியே பழுது என்று பொருள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது புதிதன்று. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் அது வரும் இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். ஆனால் முதல் ஒரு நிமிடம் கழிந்தபின் விளக்கைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இதில்தான் அபாயம் இருக்கிறது. பழுதான சென்சாரால் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் விளக்கு, நாளை மற்றொரு சக்கரத்தில் உண்மையாகவே காற்று இறங்கும்போது புதிதாக எதைச் சொல்ல முடியும்? புலி வருகிறது என்று பலமுறை கூவிய சிறுவனின் கதைதான்.

சென்சார் பழுது என்று தீர்ப்புக் கூறுமுன் அழுத்தமானியை வைத்து அளந்து பார்ப்பது அவசியம். தமிழ்நாட்டுச் சமவெளியில் பழகியவர்களுக்கு வடநாட்டுக் குளிர் செய்யும் வேலை தெரியாது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் டயரின் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை அல்லது இரண்டு பவுண்டு குறையும். அக்டோபரில் நண்பகல் வெயிலில் 36 பவுண்டு அடைத்ததாகக் கொள்வோம். ஜனவரி மாதத்து டெல்லி விடியற்காலையில், குளிரால் மட்டுமே அதில் நான்கு பவுண்டுக்கு மேல் குறைந்திருக்கும். டயரிலிருந்து இயல்பாகவே மாதம் ஒரு பவுண்டு அளவில் கசிவதையும் சேர்த்தால் 28-க்கு இறங்கிவிடும். அமெரிக்க விதிப்படி, குறித்த அளவில் கால் பங்கு குறைந்தால் விளக்கு எரியவேண்டும். 36-க்கு அது 27. அந்த எல்லையை ஒட்டி நிற்கும் விளக்கு, விடியற்காலையில் எரியும். வண்டி ஓடி டயர் சூடேறியதும் அணைந்துவிடும். "பார்த்தீர்களா, சென்சார் சரியில்லை" என்பார்கள். சென்சார் சரியாகத்தான் இருக்கிறது, காற்றுத்தான் இல்லை. விளக்கு எரியாத 29 பவுண்டு டயரும் குறையுள்ள டயரே என்பதை இத்துடன் சேர்த்து எண்ணவேண்டும்.

அளந்து பார்த்து எல்லாச் சக்கரங்களிலும் காற்றுச் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால்தான் சென்சாரைச் சந்தேகிக்கவேண்டும். நமக்கு அறிமுகமான ஒரு தமிழ் அன்பர் கிழக்கு டெல்லியில் ஒன்பது வேன்கள் வைத்திருக்கிறார். அலுவலக ஊழியர்களைக் காலையில் ஏற்றிச்சென்று மாலையில் கொண்டுவந்து விடுவது அவர் தொழில். வேன்கள் யாவும் ஒரே ஆண்டில் வாங்கியவை. ஏழாம் ஆண்டில் ஒன்றன்பின் ஒன்றாக விளக்குகள் எரியத் தொடங்கின. காரணம் எளிது: சென்சாருக்குள் இருக்கும் மின்கலம் 5 முதல் 10 ஆண்டு வரைதான் உழைக்கும், கருவி முழுவதும் பிசினால் மூடப்பட்டிருப்பதால் பெரும்பாலும் அதை மட்டும் தனியே மாற்ற இயலாது. ஒன்று கெட்டால் ஒன்றை மாற்றுவது என்று ஆரம்பித்தார்; ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்றி மாட்டும் கூலி தண்டம். பிறகு, புது டயர் போடும்போதே நான்கு சென்சார்களையும் சேர்த்து மாற்றிவிடுவது என்று ஏற்பாடு செய்துகொண்டார்.

ஆயினும் இரண்டு வேன்களில் புது சென்சார்கள் போட்டும் விளக்கு அணையவில்லை. ஆராய்ந்ததில் உண்மை வெளிப்பட்டது. அவசரத்துக்கு மூன்றாம் வண்டியின் சக்கரத்தைக் கழற்றி ஐந்தாம் வண்டியில் மாட்டியிருந்தார்கள். சென்சார் பேசிக்கொண்டுதான் இருந்தது; ஐந்தாம் வண்டிக்கு அந்த எண் தெரியாது. பல வண்டிகளை ஒருங்கே வைத்திருப்பவர்களுக்கே உரிய சங்கடம் இது. இப்போது ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்திலும் வண்டி எண்ணை வெள்ளை வர்ணத்தில் எழுதியிருக்கிறார். சென்சார் எண்களுக்கென ஒரு பதிவேடும், வண்டிக்கு ஓர் அழுத்தமானியும் உண்டு. திங்கட்கிழமை காலையில், சக்கரம் சூடேறுமுன் அளந்து எழுதிக் கையெழுத்திடாமல் எந்த ஓட்டுநரும் புறப்படுவதில்லை. விளக்கு எரிந்தால் அந்த வாரத்துக்குள் காரணம் கண்டுபிடித்தாகவேண்டும். கறுப்பு நாடாவுக்கு அங்கே இடமில்லை.

பஞ்சர் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நலம். சென்சார் உள்ளே இருப்பது தெரியாமல் வால்வின் அருகே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் கருவி உடைந்துவிடும். அலுமினிய வால்வுத் தண்டின்மேல் பித்தளை மூடியைத் திருகினால், ஈரத்தில் இரண்டும் அரித்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பஞ்சரை அடைக்க உள்ளே ஊற்றும் சிலவகைப் பசைத் திரவங்கள் சென்சாரின் துளையையும் சேர்த்து அடைத்துவிடும்.

சில வண்டிகளில் சக்கரத்துக்குள் சென்சாரே கிடையாது. சக்கரங்கள் சுழலும் வேகத்தை ஒப்பிட்டுக் காற்றுக் குறைவை ஊகிக்கும் முறை அது. அவற்றில் காற்றடைத்தபின் பொத்தானை அழுத்தி, இதுவே சரியான அளவு என்று வண்டிக்கு உணர்த்தவேண்டும். குறைந்த காற்றோடு அழுத்திவிட்டால் அந்தக் குறையையே அது நிறைவாகக் கொள்ளும்.

நம் நாட்டில் மத்திய மோட்டார் வாகன விதிகள் 2020-இல் திருத்தப்பட்டன. அதன்படி, ஓட்டுநர் உட்பட ஒன்பது பேருக்கு மேற்படாத, 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணி வண்டிகளில் ட்யூப் இல்லாத டயர்களும், இந்த எச்சரிக்கைக் கருவியும், பஞ்சர் அடைக்கும் சாதனமும் இருந்தால் உபரிச் சக்கரம் வைத்திருக்கவேண்டிய கட்டாயமில்லை. அத்தகைய வண்டியில் மாற்றுச் சக்கரத்தின் இடத்தில் நமக்கு இருப்பவை அந்த மஞ்சள் விளக்கும் பஞ்சர் அடைக்கும் சாதனமுமே. ஆகையால் அடுத்த முறை ஆக்ராவுக்கு வண்டி பேசும்போது, வாடகையையும் புறப்படும் நேரத்தையும் கேட்பதோடு, உபரிச் சக்கரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வண்டி வாசலுக்கு வந்ததும், சாமான்களை ஏற்றுமுன் ஓட்டுநரை வண்டியைக் கிளப்பச் சொல்லி, ஒன்றரை நிமிடம் அந்தப் பலகையைக் கவனியுங்கள். விளக்கு மினுக்குகிறதா, நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் அழுத்தமானியைக் கேளுங்கள். 165 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனை விரைவுச் சாலையில் ஏறுமுன், காற்றடைக்க வழியில் பெட்ரோல் பங்குகள் இருக்கின்றன.