பட்டியல் தீர்ப்பாகுமா?



அப்பாவிகளின் உயிரைப் பறிப்பவன் எவனாக இருந்தாலும் அவன் குற்றவாளியே. அவனைச் சட்டத்தின் முன் நிறுத்த வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் குற்றவாளி யார் என்று முடிவு செய்வது யார்? அதுதான் கேள்வி.

1999 அக்டோபரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை 1267-ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. தாலிபான்களுக்கு எதிராக வந்த இத்தீர்மானத்தின் வலை, பின்னர் அல்காயிதாவோடு தொடர்புடையோர் எனக் கூறப்பட்டவர்கள் மீதும் விரிந்தது. பட்டியலில் பெயர் ஏறினால் போதும், உலகெங்கும் சொத்து முடக்கப்படும்! வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பணம் எடுக்க விதிவிலக்கு வந்ததே 2002 டிசம்பரில்தான்.

2001 அக்டோபரில் சவூதி தொழிலதிபர் யாசீன் அப்துல்லாஹ் காதியின் பெயர் அதில் சேர்க்கப்பட்டது. ஆதாரம் என்னவென்று அவருக்குக் காட்டப்படவில்லை. அவர் தரப்பும் கேட்கப்படவில்லை. அவர் ஐரோப்பிய நீதிமன்றத்தின் படியேறினார். 2005-இல் தோற்றார், மேல்முறையீடு செய்தார். 2008 செப்டம்பர் 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பாதுகாப்புச் சபையின் தீர்மானத்தை நிறைவேற்றவே போடப்பட்ட சட்டமானாலும், அது அடிப்படை உரிமைகளை மதித்தாக வேண்டும். தன் தரப்பைச் சொல்லும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டிருக்கிறது!

இதன் பலன் என்ன? 2009 டிசம்பரில் 1904-ஆம் தீர்மானம் வந்தது. பட்டியலிலிருந்து நீக்கக் கோருவோரின் மனுவை ஆராய ஒரு தனி அலுவலர் பதவி உருவானது. 2012 அக்டோபரில் காதியின் பெயரும் நீக்கப்பட்டது. பதினோரு ஆண்டுகள்! அந்தக் காலத்தை யார் திருப்பித் தருவார்? அந்த அலுவலரின் அதிகாரமும் அந்த ஒரு பட்டியலோடு நின்றுவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பயங்கரவாதத்தைத் தண்டிக்கும் சட்டங்களை இயற்றுமாறு எல்லா நாடுகளுக்கும் 2001 செப்டம்பரில் 1373-ஆம் தீர்மானம் கட்டளையிட்டது. ஆனால் பயங்கரவாதம் என்றால் எது என்ற விளக்கம் அதில் இல்லை. 1996-இல் பொதுச்சபை ஒரு குழு அமைத்தது. அனைத்தையும் உள்ளடக்கிய உடன்படிக்கை இன்றுவரை முடிவாகவில்லை. விளக்கம் இல்லாத குற்றத்தை ஆளும் அரசுகள் தத்தம் விருப்பப்படி வளைத்துக்கொள்ளாதா?

நாம் கேட்பது சலுகை அல்ல. குற்றச்சாட்டைச் சொல்லுங்கள், ஆதாரத்தைக் காட்டுங்கள், பதில் சொல்ல விடுங்கள், நடுநிலையான நீதிபதி தீர்ப்பளிக்கட்டும். நாளை செய்தித்தாளில் ஒருவர் பெயரைப் பார்க்கும்போது நீங்களும் கேளுங்கள்: இது பட்டியலா, தீர்ப்பா?