நம் பாடசாலையில் இப்பிள்ளைக்கு இடமில்லையா?

(கல்முனையில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஓட்டிசம் என்னும் சொல் நமக்குப் புதிதாயிருக்கலாம். ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளையை, சிறு சத்தத்துக்கும் காதைப் பொத்தி அலறும் பிள்ளையை நம் ஒழுங்கைகளில் நீங்கள் கண்டதில்லையா? இலங்கையிலே இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைச் சோதித்து 2009 இல் வெளியான ஆய்வொன்று, 93 பேரில் ஒருவருக்கு இந்நிலை உண்டெனக் கண்டது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பாடசாலைகளில் முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைகளை அக்கணக்கில் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் எனச் சென்ற நூற்றாண்டின் நடுவில் மேனாட்டு அறிஞர் சிலர் கூறினர். அது பொய்யென நிறுவப்பட்டு நெடுங்காலமாயிற்று. நம் வீட்டு மாமிமார்தாம் இன்னும் அதைக் கைவிட்டபாடில்லை!

உடற்குறை, உளக்குறை காரணமாகக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுத்தலாகாது என 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. 2016 இல் கட்டாயக் கல்வி வயது 16 வரை உயர்த்தப்பட்டது. ஆயினும் நடப்பது யாது? ஓரிடத்தில் அதிபர் கைவிரிக்கிறார். வேறோரிடத்தில் விசேட கல்வி அலகில் இட்டு, அத்துடன் மறந்துவிடுகின்றனர். அலகு வேண்டாமென நான் கூறவில்லை. சில பிள்ளைகளுக்கு அது இன்றியமையாதது. அங்கிருந்து கணிதத்துக்கோ சித்திரத்துக்கோ பொது வகுப்புக்குச் சென்றுவர வழி வேண்டும். ஆண்டுதோறும் பிள்ளையின் நிலை மீண்டும் ஆராயப்படல் வேண்டும். மூன்று மாத நெல்லையும் நான்கு மாத நெல்லையும் ஒருங்கே விதைத்து, ஒரே நாளில் அறுக்கும் விவசாயி நம் வட்டைகளில் எவரேனும் உளரா?

அடுத்தது மொழி. பேச்சுச் சிகிச்சையாளரை உருவாக்கும் பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் உண்டு. தமிழில் சிகிச்சை அளிப்போரோ மிகச் சிலர். 'உம்மா', 'வாப்பா' எனக் கேட்டு வளரும் பிள்ளைக்கு அச்சொற்களாலேயே பேச்சுப் பழக்கல் வேண்டும். பட அட்டையைக் காட்டி 'அம்மா' என்றால், அவள் வேறொருத்தி என்றே அது எண்ணக்கூடும். விஞ்ஞானப் பிரிவில் தேறும் நம் பிள்ளைகளுக்கு மருத்துவர் பட்டம் ஒன்றுதான் கண்ணில் படுகிறது. அவர்களுள் சிலரையேனும் இத்துறைக்கு அனுப்புங்கள்.

முதலாம் ஆண்டு அனுமதிக்கு மருத்துவ அறிக்கையுடன் செல்லுங்கள். மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அத்தாளுடன் வலயக் கல்வி அலுவலகப் படியேறும் உம்மாவைத் தனியே விடலாகாது. படித்தவர் முறைப்பாட்டை எழுதிக் கொடுக்கட்டும். வயல்வேலை ஒருநாள் பிந்தினாலும் நம்முள் இருவர் அவளுடன் செல்லட்டும்.