'கேஸ் தீர்ந்துடுச்சு'ன்னா, 'லீக் எங்கே?'ன்னு கேளுங்க

போன மே மாசம், கத்திரி வெயில் நேரம். எங்க வீட்டு ஏசி வெறும் காத்து மட்டும்தான் விட்டுச்சு. ஆன்லைன்ல கிடைச்ச நம்பருக்குக் கூப்பிட்டேன். வந்தவர் 5 நிமிஷத்துல, "கேஸ் தீர்ந்துடுச்சு"ன்னு சொல்லி ஏத்திட்டு, 2,500 ரூபாய் வாங்கிட்டுப் போனார். 3 வாரத்துல மறுபடி அதே கதை.

ரெண்டாவதா வந்த மெக்கானிக் சிலிண்டரையே எடுக்கல. அவுட்டோர் யூனிட்ல பைப் சேருற இடத்துல சோப்பு நுரை தடவினார். குமிழ் குமிழா வந்துச்சு. "லீக் இங்க இருக்கு தம்பி"ன்னார்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்தால், எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். அதை அடைக்காம ஏத்துறது, ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற மாதிரி.

அதனால ஃபோன்லயே 2 கேள்வி கேளுங்க. லீக் எங்கேன்னு காட்டுவீங்களா? அடைச்சதும், குழாய்ல இருக்கிற காத்தையும் ஈரத்தையும் வேக்யூம் பம்ப் வெச்சு எடுத்துட்டுத்தான் கேஸ் ஏத்துவீங்களா? எந்த கேஸ், எத்தனை கிராம்னு அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கர்லயே இருக்கும். பில்லுலயும் எழுதித் தரச் சொல்லுங்க. மழுப்பினா, அடுத்த நம்பருக்குப் போயிடுங்க.

அதுக்கும் முன்னாடி, ஃபில்டரைக் கழட்டிக் கழுவிப் பாருங்க. பல நேரம் கோளாறே அந்தத் தூசிதான்.